ஐபி முகவரி கோயம்புத்தூரைக் காட்டுகிறது: முன்னாள் ஊழியர்மீது புகார் கொடுக்கலாமா?

கரூர் கணக்கர் எழுதியது:

வணக்கம். கரூரில் மேசைவிரிப்பும் திரைச்சீலையும் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கணினி படித்தவன் அல்லன். அலுவலகத்தில் பிரிண்டர் நின்றாலும் இணையம் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், இந்த விவகாரமும் என் தலையில் விழுந்திருக்கிறது.

மூன்று வாரங்களாக எங்கள் விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, எங்களுக்குத் தெரியாமலே, கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்றெல்லாம் ஸ்பாம் மடல்கள் ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. ஈரோட்டில் எங்களுக்கு நூல் கொடுக்கும் வியாபாரி ஒருவர், "நீங்கள் துணி விற்கிறீர்களா, லாட்டரி விற்கிறீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டேவிட்டார். அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்த மடலை ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்துத் திறந்து, மடல் வந்த வழியைச் சொல்லும் மறைகுறிப்பான 'ஹெடர்' முழுவதையும் எனக்கு அனுப்பச் சொன்னேன். கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால், 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்ததை எடுத்தேன். அதில் 203.0.113.45 என்ற ஐபி முகவரி இருந்தது. உண்மையான எண்ணை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இடம் காட்டும் ஒரு தளத்தில் அதைப் போட்டால் கோயம்புத்தூர் என்று வருகிறது; வரைபடத்தில் ஒரு தெருவின் மேல் சிவப்புப் புள்ளியே வைத்துக் காட்டுகிறது.

எங்கள் விற்பனை மின்னஞ்சலைக் கையாண்ட இளைஞர் ஒருவர், சம்பளத் தகராறில் மார்ச் மாதம் வேலையை விட்டுப் போனார். அவர் இப்போது இருப்பது கோயம்புத்தூரில். அவர் போன பிறகு கடவுச்சொல்லை நாங்கள் மாற்றவில்லை. மடல் புறப்பட்ட நேரம் அந்தக் கீழ் வரியில் காலை 5:40 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் காவலாளியைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு மேல் கூகுளின் சர்வர் எழுதிய வரியிலோ முந்தைய நாள் இரவு 10:40 என்று இருப்பது ஏன் என்றும் புரியவில்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு சோதனைகளுக்கும் நேராகப் 'பாஸ்' என்று போட்டிருக்கிறது.

முதலாளி அந்த இளைஞரின் பெயரைப் போட்டே சைபர் குற்றப்பிரிவுக்குப் புகார் எழுதி வைத்துவிட்டார். இந்த ஐபி முகவரி போதுமான ஆதாரமா? இது தவிர, வெளியிலிருந்து எங்களுக்கு வந்து குவியும் ஸ்பாமையும் இதே வழியில் கண்டுபிடிக்க முடியுமா?


பழைய அஞ்சல்காரன் எழுதியது:

வணக்கம் கணக்கரே. புகாரை இன்று அனுப்ப வேண்டாம் என்று முதலில் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சல் சர்வர்களோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மாரடித்தவன் நான். பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மடல் எத்தனை சர்வர்களைத் தாண்டி வருகிறதோ, அத்தனையும் தலைக்கு ஒரு 'ரிசீவ்ட்' வரியை அதன் மேல் ஒட்டி அனுப்பும். தபால் உறையில் ஒவ்வோர் அஞ்சலகமும் முத்திரை குத்துவதைப் போன்றதுதான். ஆனால் இங்கே புது முத்திரை எப்போதும் பழையதற்கு மேலே விழும். அதனால்தான் கீழிருந்து படிக்கச் சொல்கிறார்கள். மடலை அனுப்புகிறவனே இரண்டு மூன்று போலி முத்திரைகளைக் கீழே எழுதி அனுப்பலாம் என்பதையும், வழியிலுள்ள சர்வர்கள் அவற்றைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும் என்பதையும் அந்த வழிகாட்டிகள் சொல்வதில்லை. படிப்பது எந்தப் பக்கத்திலிருந்தாயினும், நம்புவது மேலிருந்துதான் தொடங்க வேண்டும். மடலைப் பெற்றவரின் சர்வர் எழுதிய வரியை நம்பலாம். அந்த வரி கைகாட்டும் அடுத்த சர்வர் நமக்குத் தெரிந்த, நாணயமான சர்வராக இருந்தால் அது எழுதிய வரியையும் நம்பலாம். தெரியாத ஒன்று குறுக்கிட்டதும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

ஒரே வரிக்குள்ளும் எல்லாம் ஒரே தரம் அல்ல. இணைப்பைத் தொடங்கும் கணினி 'ஹெலோ' என்று சொல்லித் தன் பெயரைக் கூறும். அது வாய்ச்சொல், எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபி முகவரியோ, பெறும் சர்வர் தானே பார்த்து எழுதியது. இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொன்ன பிறகே கணினிகளுக்கு இடையிலான டிசிபி இணைப்பு நிலைபெறும் என்பதால், அடுத்தவன் முகவரியைப் போட்டுக்கொண்டு ஒரு முழு மடலைக் கொடுத்துவிட்டுப் போவது நடைமுறையில் ஆகாத காரியம்.

இனி உங்கள் மடலுக்கு வருகிறேன். மின்னஞ்சல் அனுப்புவதற்கென 1982-இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதிவிடலாம். அந்த ஓட்டையை அடைக்கப் பிற்காலத்தில் போட்ட ஒட்டுகளே எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும். அவை இரண்டும் 'பாஸ்' என்றால், மடல் நல்ல மடல் என்று கூகுள் சான்று கொடுத்ததாகப் பொருள் இல்லை. மடல் உண்மையிலேயே உங்கள் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் வந்தது, வெளியில் எவனோ உங்கள் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பவில்லை என்பதே பொருள். ஆகவே கூகுளின் வரிக்குக் கீழே இருப்பது உங்கள் மின்னஞ்சலை நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் எழுதிய வரி; அதை நம்பலாம். அதாவது நீங்கள் எடுத்த ஐபி முகவரி சரியானதுதான், எடுத்த காரணம்தான் தவறு. அந்த வரியில் 'ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ' என்ற ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். கடைசியில் வரும் 'ஏ' எழுத்துக்கு, அனுப்பியவர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்தார் என்று பொருள்.

நேரத்தில்தான் பெரிதாக இடறியிருக்கிறீர்கள். 5:40-க்குப் பக்கத்தில் +0000 என்றும், 22:40-க்குப் பக்கத்தில் -0700 என்றும் இருக்க வேண்டும். முன்னது உலகப் பொது நேரம், பின்னது அமெரிக்க மேற்குக் கரையின் கோடைக்கால நேரம். இரண்டும் ஒரே கணம்தான். பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் வரும். உங்கள் மடல் புறப்பட்டது செவ்வாய்க்கிழமை காலை 11:10-க்கு. அப்போது அலுவலகத்தில் யார் யார் இருந்தார்கள்?

எனக்கு இரண்டு செய்திகள் வேண்டும். அதே வரியில் 'ஹெலோ' என்பதற்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது? அலுவலகக் கணினியிலிருந்து 'என் ஐபி முகவரி என்ன' என்று தேடினால் என்ன எண் வருகிறது?


நெல்லை நெட்வொர்க் எழுதியது:

அஞ்சல்காரர் ஐயா சொன்னதற்கு மேல், அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வீடு தேடிப் போய் நின்ற கதைகள் உண்டு.

ஐபி முகவரிக்குள் ஊரோ தெருவோ எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த எண் தொகுதி எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேடு உண்டு. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஆப்னிக், அதன்கீழ் இந்தியாவுக்கு ஐஆர்ஐஎன்என். அதற்கு அப்பால் இடத்தைச் சொல்லும் தளங்கள் எல்லாம் பலவற்றைச் சேர்த்து வைத்து ஊகிப்பவையே. கரூரில் இருக்கும் உங்கள் இணைப்பு கோயம்புத்தூரிலுள்ள ஒரு மையத்தின் வழியாக வெளியுலகுக்குப் போனால், அந்த ஊகம் கோயம்புத்தூர் என்றுதான் சொல்லும். திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் என்னையே என் கைப்பேசி இணைப்பை வைத்துப் பலமுறை சென்னைவாசி என்று அவை சொல்லியிருக்கின்றன.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு இருக்கிறது. இடம் காட்டும் தரவைத் தயாரிக்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்கா என்று தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை' என்ற நிலையிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுக்க நினைத்து, 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக்கி வைத்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் கைகாட்டின. ஸ்பாம் அனுப்பியவனைத் தேடியும், திருட்டுப்போன கணினியைத் தேடியும், காணாமல் போனவர்களைத் தேடியும் காவலர்களும் கோபக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்குக் காரணமே தெரியாது. 2016-இல் செய்தி வெளிவந்த பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை விச்சிடா நகருக்கு மேற்கே உள்ள ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவே நகர்த்தி வைத்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். ஆப்னிக் தன் கடைசித் தொகுதிக்கு 2011 ஏப்ரல் 15 அன்றே வந்துவிட்டது. ஆகவே நம் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்து வைத்திருக்கின்றன. அப்படியானால் முகவரியும் நேரமும் மட்டும் போதாது, அந்த முகவரியைப் பகிர்பவர்களின் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். ஹோஸ்டிங் சர்வரில் ஓடும் அஞ்சல் மென்பொருள் 'எக்ஸிம்' என்றால் அந்த வரியிலேயே போர்ட் எண்ணை எழுதியிருக்கும். அதைக் குறித்து வையுங்கள்.


கரூர் கணக்கர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

'ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ' என்ற சொல் இருக்கிறது, +0000 இருக்கிறது, போர்ட் எண்ணும் இருக்கிறது. 'ஹெலோ' என்பதற்குப் பக்கத்தில் 'பேக்கிங்2' என்று இருக்கிறது. நான் முதலில் அந்த வரியைப் படித்தபோது இது ஏதோ சர்வர் மொழி என்று தாண்டிப் போய்விட்டேன். எங்கள் பேக்கிங் பிரிவில் பார்சல் லேபிள் அச்சிட ஒரு பழைய கணினி இருக்கிறது. அதற்குப் 'பேக்கிங்2' என்று பெயர் வைத்தது நான்தான்.

அலுவலகத்தில் இன்று வரும் எண் 203.0.113.61. மடலில் இருந்தது 45. இதுவும் கோயம்புத்தூர் என்றுதான் காட்டுகிறது. கடைசி எண் வேறாக இருப்பதால் இது எங்களுடையது இல்லை என்று முதலாளி சொல்கிறார். பேக்கிங்2 என்ற பெயர் அந்த இளைஞருக்கும் தெரியும், வேண்டுமென்றே போட்டிருப்பார் என்பது அவருடைய வாதம். ஹெலோவில் பொய் சொல்லலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று என்னையே மடக்குகிறார்.


பழைய அஞ்சல்காரன் எழுதியது:

முதலாளி வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவர். அவர் வாதம் தள்ளிவிடக்கூடியது அல்ல. அந்த இளைஞரும் அதே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தால், அவருக்கும் இதே தொகுதியிலிருந்துதான் எண் கிடைக்கும். ஆகவே பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு வேறு இரண்டு வழிகளில் பாருங்கள்.

சாதாரண பிராட்பேண்டில் ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் எண் மாறக்கூடும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 11:10-க்கு உங்கள் இணைப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்த எண் எது என்று இணைப்புக் கொடுத்தவரிடமே கேளுங்கள். அடுத்தவரின் விவரத்தைத்தான் காவல்துறை கேட்காமல் அவர்கள் கொடுக்கக் கூடாது. உங்கள் இணைப்பைப் பற்றி நீங்கள் கேட்பதில் தடை இல்லை.

அதைவிட முக்கியமானது, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த மூன்று வாரத்து அனுப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது. ஒரு மடலின் நேரம் எதையும் நிரூபிக்காது. நூற்றுக்கணக்கான மடல்களின் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி வரிசையாக அடுக்கினால், அந்தக் கணினியின் வாழ்க்கை அதில் தெரியும்: எப்போது எழுந்தது, எப்போது தூங்கியது, வார விடுமுறை எடுத்ததா இல்லையா என்று. நீங்கள் கணக்கர், இதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அதற்கு முன் பேக்கிங்2-வின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு, வேறொரு சுத்தமான கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பேக்கிங்2-விலேயே உட்கார்ந்து மாற்றினால், அதில் தீநிரல் புகுந்திருந்தால் அதனிடமே புதுக் கடவுச்சொல்லை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தது போலாகும்.


வழக்காடி எழுதியது:

சைபர் வழக்குகளில் ஓரளவு பழக்கமுள்ள வழக்கறிஞன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

புகார் கொடுப்பதற்கு ஒருவரின் பெயர் தேவையில்லை. நடந்ததை மட்டும் எழுதி, இன்னார் என்று தெரியாதவர் மீது புகார் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் கொடுக்கலாம். மடல்களில் கடனையும் பரிசையும் நம்பி யாராவது பணத்தை இழந்திருந்தால், அவர் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மற்றொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய 66ஏ பிரிவைப் போட்டு இன்றும் சிலர் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே நீக்கிவிட்டது.

ஆதாரமாக, அச்சிட்ட தாள் போதாது. நூல் வியாபாரியிடம் அந்த மடலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அசல் கோப்பாகவும் தரவிறக்கி வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை வெளியிட்டிருந்தாலும், அதை நம்பிக் கடைசி மாதம்வரை காத்திருக்காதீர்கள்.

பெயர் போட்டு எழுதுவதில் உள்ள அபாயத்தை உங்கள் முதலாளிக்கு ஓர் உண்மைச் சம்பவத்தால் விளக்கலாம். 2007-இல் ஆர்க்குட் என்ற அன்றைய சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியானது தொடர்பாக, பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே காவல்துறையினர் கைது செய்தனர். ஒரே சான்று, ஓர் ஐபி முகவரி இன்னாருடையது என்று இணைய நிறுவனம் கொடுத்த விவரம். அந்த விவரம் தவறு. அந்த நேரத்தில் அந்த முகவரி அவருடையதே அல்ல. அது தெரிவதற்குள் அவர் 50 நாள்கள் சிறையில் இருந்துவிட்டார். அங்கே பிழை செய்தது இணைய நிறுவனம். இங்கே, பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்ததாக நிறுவப்பட்டால் பாரதிய நியாய சம்ஹிதையின் 217-ஆம் பிரிவும், அவதூறு என்றால் 356-ஆம் பிரிவும் உங்கள் முதலாளியின் பக்கம் திரும்பக்கூடும். இதுவரை தெரியாமல் எழுதியதாக அவர் சொல்லலாம். இந்த உரையாடலைப் படித்த பிறகு அப்படிச் சொல்வது கடினம்.


பழைய அஞ்சல்காரன் எழுதியது:

வெளியிலிருந்து உங்களுக்கு வரும் ஸ்பாமைப் பற்றிய இரண்டாவது கேள்வி நின்றுபோய்விட்டது. முறை அதேதான்: உங்கள் சர்வர் எழுதிய மேல் வரியில் எந்த ஐபி முகவரி மடலைக் கொடுத்தது என்று பாருங்கள். அதைப் பதிவேட்டில் தேடினால் அந்த எண் தொகுதிக்குப் பொறுப்பான நிறுவனமும், முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கான மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கும். முழு ஹெடரையும் சேர்த்து அங்கே எழுதுங்கள். ஸ்பாம் மடலுக்கே பதில் எழுதாதீர்கள். அது 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று நாமே ஒப்புக்கொள்வதாகும்.

ஆனால் அனுப்பியவன் அகப்படுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் அந்த முகவரியில் இருப்பது, தன் கணினியில் இப்படி ஒன்று நடப்பதே தெரியாத இன்னொரு கணக்கர்தான். உருப்படியாக நடந்த ஒரு தேடல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2008 நவம்பர் 11 அன்று கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பை, அதற்கு இணையம் கொடுத்துவந்த நிறுவனங்கள் துண்டித்தன. உலகெங்கும் ஸ்பாம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. மெக்கோலோவின் சர்வர்கள் மடல் அனுப்பவில்லை. மடல் அனுப்பிய லட்சக்கணக்கான தொற்றுக் கணினிகளுக்கு அங்கிருந்துதான் கட்டளை போனது. மடலின் ஹெடரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. அடுத்த சில மாதங்களில் ஸ்பாம் பழையபடி ஏறிவிட்டது என்பது வேறு கதை.

ஸ்பாம் வரும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் தளத்தில் உங்கள் அலுவலக ஐபி முகவரியையும் ஹோஸ்டிங் சர்வரின் முகவரியையும் போட்டுப் பாருங்கள். தொற்றுள்ள கணினிகளுக்கு அவர்கள் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இருந்தால், கணினியைச் சுத்தம் செய்த பிறகுதான் நீக்கக் கேட்க வேண்டும். முன்பே கேட்டால் மறுநாள் மீண்டும் ஏறிவிடும்.


கரூர் கணக்கர் எழுதியது:

பத்து நாள்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஹோஸ்டிங் நிறுவனம் பதிவுகளைக் கொடுத்தது. எக்செலில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி அடுக்கினேன். ஒரு நாளும் காலை 9:30-க்கு முன் ஒரு மடல்கூடப் போகவில்லை, இரவு ஏழுக்குப் பின்னும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அறவே இல்லை. இரண்டாம் வாரம் புதன்கிழமை பிற்பகல் முழுவதும் வெறுமையாக இருந்தது. அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை. பேக்கிங் பிரிவுக்கு ஜெனரேட்டர் இணைப்புக் கிடையாது. முதலாளி அந்த ஒரு வரியைத்தான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்புக் கொடுத்தவரும் அந்தச் செவ்வாய்க்கிழமை 45 எங்களுடைய எண் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பேக்கிங்2-வில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயின என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கூரியர் ரசீது என்ற பெயரில் மடலோடு வந்த ஒரு கோப்பைப் பேக்கிங் பையன் திறந்திருக்கிறான். அவனைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். விற்பனைக் கடவுச்சொல்லை அந்தக் கணினியின் பிரவுசரில் சேமித்து வைத்தது நான்தான்.

புகாரில் இருந்த பெயரை எடுத்துவிட்டு, 'அடையாளம் தெரியாதவர்' என்று திருத்திக் கொடுத்திருக்கிறோம். அந்த இளைஞருக்கு மார்ச் மாதச் சம்பளத்தில் பாக்கி இருந்ததையும் கணக்கில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காசோலை போகிறது.